ஏல மலையை ஒருமுறை வானிலிருந்து அளந்துவிடுவோம்

1994 தை மாதம். போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையில் ஓர் ஏலத்தோட்டம். பங்காளிகளுக்குள் எல்லைத் தகராறு. அளந்து கல் நட்டுக் கொடுக்க நான் போயிருந்தேன். நில அளவையராக வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. செயின்மேன்கள் இருவர் சங்கிலியையும் கிராஸ் ஸ்டாஃபையும் தூக்கிக்கொண்டு முன்னே போனார்கள். வழிகாட்ட வந்தவர், தோட்டத்தில் காவல் பார்த்த முதுவர் குடிப் பெரியவர்.

ஏலத் தூர்களை விலக்கிக்கொண்டு போகையில், ஓரிடத்தில் அவர் கையை நீட்டி மறித்தார். “சர்வேயரய்யா, இதை மிதிச்சுராம சுத்தி வாங்க. இது எங்களுக்கும் முந்தின ஆளுக வீடு” என்றார். குனிந்து பார்த்தேன். நான்கு பலகைக் கற்களை நிறுத்தி, மேலே கட்டில் அகலத்துக்கு ஒரு மூடுகல். ஒரு பக்கப் பலகையில் தேங்காய் நுழையும் அளவுக்கு வட்டத் துளை. உள்ளே மக்கிய சருகு. தொல்லியல் புத்தகங்கள் கற்திட்டை என்பதும், மறையூர்ப் பக்கம் முனியறை என்பதும் இதைத்தான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு வேண்டியிருந்தது எல்லைக்கோடு மட்டும். கோடு அந்தக் கல்லுக்குப் பதினோரு மீட்டர் தள்ளிப் போனது. புலப்படத்தில் கிணற்றுக்குக் குறி உண்டு, கோயிலுக்குக் குறி உண்டு. அந்தக் கல்வீட்டை நான் குறிக்காமல் விட்டுவிட்டேன்.

2016-இல் வேறொரு வேலையாக அதே தோட்டத்துக்குப் போனேன். அந்த இடத்தில் ஜேசிபி வைத்துப் பள்ளம் தோண்டி, பிளாஸ்டிக் விரித்துப் படுதாக் குளம் கட்டியிருந்தார்கள். பலகைக் கற்களில் மூன்றைக் காணோம். துளை உள்ள கல்லைத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் கண்டேன். துணி துவைக்கப் போட்டிருந்தார்கள். சோப்புத் தண்ணீர் அந்தத் துளை வழியாக வடிந்துகொண்டிருந்தது. துவைத்துக்கொண்டிருந்த அம்மா, “நல்ல கல்லுங்க, தண்ணி தேங்கவே தேங்காது” என்றார். அவர் மேல் குற்றம் இல்லை. அது என்ன கல் என்று எழுதிவைத்திருக்க வேண்டியவன் நான்.

பணி ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் அந்தக் கல் என்னை விடவில்லை. நான் அளந்த மலையில் இதுபோல் இன்னும் எத்தனை கிடக்கின்றன? எவருக்கும் தெரியாது என்பதுதான் இன்றைய நிலை. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதைச் செய்யுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

அடிவாரத்தில் தெரிந்தது, மலையில் தெரியாதது

போடி என்றால் ஏலக்காய் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். நாணயவியல் படித்தவர்களுக்கு இந்த ஊர் வேறொன்றுக்காகத் தெரியும். போடிநாயக்கனூரில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுப் புதையல் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள். பின்புறத்தில் மீனைக் குறிக்கும் கோட்டுரு. பழைய பாண்டியர் காசுகள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கணவாய் ஏறும் இடத்தில் இத்தனை வெள்ளியை ஒருவர் புதைத்து வைத்திருக்கிறார் என்றால், இந்த வழியே சரக்கும் ஆளும் போய்வந்திருக்க வேண்டும். மதுரையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன வணிகப் பாதைகள் கம்பம் பள்ளத்தாக்கையும் இந்தக் கணவாய்களையும் தொட்டுப் போயின என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

எங்கள் தேனி மாவட்டத்தின் ஆண்டிபட்டி வட்டத்தில் இருக்கிறது புலிமான்கோம்பை. 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையிலான குழு அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தது. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்துபோன ஒருவனுக்கு எடுத்த கல். தமிழ்நாட்டில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை இவை.

பிறகு 2013-14-இல் இந்தியத் தொல்லியல் துறையின் கி. அமர்நாத் இராமகிருஷ்ணா தலைமையிலான குழு, வைகை பிறக்கும் தேனி மாவட்ட மலையடிவாரத்திலிருந்து கடல் வரை இரு கரையிலும் ஊர் ஊராக நடந்து 293 தொல்லிடங்களைப் பட்டியலிட்டது. அந்த 293-இல் ஒன்றுதான் கீழடி. நடந்ததால் கிடைத்தது அது. ஒரு தென்னந்தோப்புக்கு அடியில் 110 ஏக்கர் அளவுக்கு ஓர் ஊர் புதைந்திருந்தது உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

ஆற்றங்கரையில் நடந்து கண்டுபிடிக்க முடிவதற்குக் காரணம் உண்டு. அங்கே வருடா வருடம் உழுகிறார்கள். உழும்போது பானை ஓடு மேலே வரும். கறுப்பு சிவப்பு ஓடு நாலு கிடந்தால் கண் பழகியவர் நின்றுவிடுவார். ஏலத்தோட்டத்தில் உழவு கிடையாது. தூரைச் சுற்றிக் கொத்தி, சருகை அணைத்து மூடாக்குப் போடுவார்கள். மண் புரளாது, ஓடு மேலே வராது. அதற்கும் மேலே காட்டில் கேட்கவே வேண்டாம். தொல்லிட வரைபடத்தில் சமவெளி முழுக்கப் புள்ளியாகவும் மலைச்சரிவு வெறிச்சென்றும் இருப்பதைப் பார்த்துவிட்டு, மலையில் மனிதர் அதிகம் இருந்ததில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாம் பார்க்க முடியாததால் வந்த வெறுமை அது.

இலை இடுக்கில் இறங்கும் ஒளி

என் அண்ணன் மகன் தோட்டங்களுக்கு ட்ரோன் வைத்து அளந்து கொடுக்கும் தொழில் செய்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் என்னைக் கூட்டிப் போனான். ட்ரோன் ஏறியது. திரையில் பார்த்தேன், ஒரே பச்சைக் கம்பளம். “சித்தப்பா, இது கேமரா. மரத்துக்கு மேல இருக்கிறதைத்தான் காட்டும். கீழ பார்க்கணும்னா லைடார் வேணும்” என்றான்.

லைடாரை எனக்கு விளங்கவைத்தது அந்தத் தோட்டத்து வெயில்தான். ஏலக்காட்டுக்குள் காலையில் நின்றால், நிழல் மரத்து இலை இடுக்குகள் வழியாக வெயில் காசு காசாகச் சருகின் மேல் விழும். எவ்வளவு அடர்ந்த மரமானாலும் ஒரு சில காசாவது தரையைத் தொட்டுவிடும். லைடார் கருவி, பறந்துகொண்டே நொடிக்கு லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்புகிறது. பெரும்பகுதி இலையில் பட்டுத் திரும்பிவிடும். ஒரு சிறு பங்கு இடுக்கில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும். போய்வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். இலையில் பட்டவற்றைக் கணினியில் கழித்துவிட்டு, தரையைத் தொட்ட புள்ளிகளை மட்டும் சேர்த்தால், மரத்தை எல்லாம் உரித்துவிட்டது போல மலையின் வெற்று உடம்பு தெரியும். முழங்கால் உயரக் கல்வட்டம், பாதிச் சரிந்த மதில், பழைய பாதையின் பள்ளம் எல்லாம் நிழலிட்டு எழும்.

நடு அமெரிக்காவில் பெலிஸ் நாட்டில் கரகோல் என்று ஒரு பழைய மாயா நகரம். அங்கே ஆர்லன் சேஸ், டயேன் சேஸ் என்ற தம்பதியின் குழு 25 வருடம் காட்டுக்குள் நடந்து சுமார் 23 சதுர கிலோமீட்டரை வரைபடமாக்கியது. 2009-இல் விமானத்தில் லைடார் வைத்துப் பறந்தார்கள். சில நாள்களில் 200 சதுர கிலோமீட்டர் முடிந்தது. சங்கிலி பிடித்தே ஆயுளைக் கழித்தவனுக்கு இந்தக் கணக்கின் அர்த்தம் உடம்பில் தெரியும். 2012-இல் கம்போடியாவின் அங்கோர் பகுதியில் 370 சதுர கிலோமீட்டர் அளந்தபோது, கோயில்களைச் சுற்றி இருந்த தெருக்களும் குளங்களும் காட்டுக்கு அடியிலிருந்து வரைபடத்தில் வந்தன. குவாத்தமாலாவில் 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் அளந்து, 60,000-க்கும் அதிகமான கட்டுமானங்களை 2018-இல் அறிவித்தார்கள். மூன்றும் காடு மூடிய மண். எங்கள் மலையும் அதே மாதிரிதான்.

லைடார் வருவதற்கு முன்னும் வானம் உதவியிருக்கிறது. அமெரிக்கா 1960 முதல் 1972 வரை கொரோனா என்ற பெயரில் உளவுச் செயற்கைக்கோள்களை அனுப்பியது. படச்சுருளைப் பாராசூட்டில் கீழே போடுவார்கள். விமானம் அதை நடுவானில் பிடிக்கும். 1995-இல் அந்தப் படங்களைப் பொதுவில் விட்டார்கள். அவற்றை வைத்து ஜேசன் உர் என்ற ஆய்வாளர், மேல் மெசபொத்தேமியாவில் நாலாயிரம் வருடத்துக்கும் முன்பு ஆளும் ஆடும் மாடும் நடந்து நடந்து குழிந்துபோன பாதைகளை மங்கிய கோடுகளாகக் கண்டுபிடித்தார். தரையில் நின்றால் அந்தப் பள்ளம் கண்ணுக்குப் படாது. பொதிமாடு ஏறிய எங்கள் கணவாய்ப் பாதைகளும் அப்படித்தான் எங்கோ குழிந்து கிடக்க வேண்டும்.

நமக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. கீழடியில் ட்ரோன் பறந்தது, காந்தமானி வைத்து மண்ணுக்கடியில் செங்கல் இருக்கும் இடம் தேடினார்கள், தரை ஊடுருவும் ராடார் ஓடியது. சமவெளிக்குக் கொடுத்த அந்தக் கவனத்தை மலைக்கும் கொடுக்கச் சொல்கிறேன்.

எல்லாம் தெரிந்துவிடாது

கருவியைப் பற்றிப் பேசும்போது கண்மூடித்தனம் கூடாது. 2016-இல் கனடாவில் 15 வயது மாணவர் ஒருவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து மாயா நகரம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக உலகமெங்கும் செய்தி வந்தது. அந்த இடத்தை அறிந்த ஆய்வாளர்கள், அது பழைய வயலாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். யாரும் போய்க் காலால் மிதித்துப் பார்க்காமல் வந்த செய்தி அது.

எங்கள் மலையில் ஏமாறுவதற்கு இன்னும் அதிக வழி உண்டு. மண் சரியாமல் இருக்கத் தோட்டக்காரர்கள் போட்ட கல்கட்டு, வனத்துறையின் எல்லைக் கற்குவியலான ஜண்டா, பழைய லயத்தின் அடித்தளம் எல்லாமே லைடாரில் தொல்லிடம் போலத்தான் தெரியும். ரோப்வேயையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறுத் தேயிலை குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பி வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் போடிக்கு வந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. ரோப்வேயும் இன்று இல்லை. ஆனால் குரங்கணிக்கு மேலே இருக்கும் ஊரை இன்றும் சென்ட்ரல் என்றுதான் சொல்கிறோம். அந்தப் பக்கம் நடக்கையில் புதருக்குள் துருப்பிடித்த இரும்பையும் காரைக்கட்டையும் பார்த்திருக்கிறேன். வெளியூரில் இருந்து வரும் ஆய்வாளர் அதைத் திரையில் பார்த்து என்னவென்று நினைப்பார்? குரங்கணிக்காரர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். அந்த ரோப்வே தடமும் நூறு வருடத் தொல்லியல்தான். அதையும் வரைபடத்தில் ஏற்ற வேண்டும்.

எனவே பறப்பது பாதி வேலை. மீதிப் பாதி, திரையில் தெரிந்ததை மலையில் போய்ச் சரிபார்ப்பது. அதற்கு முதுவரும் பளியரும் வேண்டும். மதுரையிலிருந்து முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதால் முதுவர் ஆனோம் என்று அவர்களே சொல்லும் கதை இருக்கிறது; ஒவ்வொரு பாறைக்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது. தினமும் விடியலில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் ஏறிப் போய்க் காய் எடுக்கும் பெண்களும் வேண்டும். எந்தத் தோட்டத்தில் எந்த மூலையில் வினோதமான கல் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தத் துறைக்கும் தெரியாது. அவர்களை வழிகாட்டி என்று சொல்லி ஒரு நாள் கூலியோடு அனுப்பிவிடாமல், ஆய்வுக் குழுவில் சேர்த்து, அறிக்கையில் பெயர் போட வேண்டும்.

எப்படிச் செய்யலாம்

முதல் தடை எல்லை. நீர்பிரி முகட்டுக்கு இந்தப் பக்கம் தேனி, அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி. பழைய மனிதர்களுக்கு அந்தக் கோடு கிடையாது. ஒரு மாநிலம் மட்டும் அளந்தால் பாதையின் பாதி மட்டும் கிடைக்கும். இரு மாநிலமும் சேராது என்பவர்களுக்கு மங்கலதேவிக் கண்ணகி கோயிலைக் காட்டுவேன். எல்லையைப் பற்றிய சச்சரவு ஒரு பக்கம் இருக்க, ஒவ்வொரு வருடமும் சித்திரைப் பௌர்ணமிக்காக இரு மாவட்ட நிர்வாகமும் உட்கார்ந்து பேசி, வனத்துறை, காவல்துறை எல்லாம் சேர்ந்து அந்த ஒரு நாளை நடத்திக் கொடுக்கின்றன. ஒரு நாள் திருவிழாவுக்கு முடிந்தது ஒரு பருவத்து அளவைக்கும் முடியும். சிதைந்து நிற்கும் அந்தக் கோயிலையே முதலில் முப்பரிமாணத்தில் பதிவு செய்து தொடங்கலாம்.

இரண்டாவது தடை பயம். ஏல மலையில் அளவை என்றாலே மக்களுக்கு வயிறு கலங்கும். 1897 திருவிதாங்கூர் அறிவிப்பு காப்புக் காடாக ஒதுக்கியது 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஓர் எண்ணுக்காக இத்தனை குடும்பம் தவிக்கும் இடத்தில், வானில் விமானம் சுற்றினால் யார் கதவைத் திறப்பார்கள்? இந்த அளவையின் விவரத்தைப் பட்டாவுக்கோ வெளியேற்றத்துக்கோ பயன்படுத்துவதில்லை என்று அரசு எழுத்தில் உறுதி தர வேண்டும். இல்லையென்றால், கல்லைக் கண்ட தோட்டக்காரர் அதிகாரி வருவதற்குள் அதைப் பெயர்த்துவிடுவார்.

மூன்றாவது, பருவம். இதை வெளியூர் நிபுணர்கள் தவறவிடக் கூடாது. தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஏலத்தோட்டங்களில் நிழல் மரக் கிளைகளைக் கழிப்பார்கள். அந்த வேலை முடிந்து மழை பிடிப்பதற்குள் கிடைக்கும் சில வாரங்களில்தான் தரைக்கு ஒளி அதிகம் இறங்கும். அடிவாரத்துக் காடு மாசி பங்குனியில் இலை உதிர்த்து நிற்கும். அதை அப்போதே முடித்துவிடலாம். ஆடியில் பறந்தால் மேகத்தைத்தான் அளப்பார்கள்.

செலவு என்பார்கள். அதே லைடார் பறப்பு மண்சரிவுக்கும் உதவும். 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் லயங்களோடு 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். எந்தச் சரிவு முன்பு சரிந்தது, எங்கே தண்ணீர் இறங்குகிறது என்பதை மரத்துக்கு அடியில் காட்டுவதும் இதே தரைப்படம்தான். தொல்லியல், வனம், பேரிடர் மேலாண்மை என மூன்று துறைகள் ஒரே பறப்புக்குப் பங்கு போடலாம்.

நான்காவது, காவல். கண்டுபிடித்த இடங்களின் துல்லியமான ஆயத்தொலைவுகளை இணையத்தில் போடக் கூடாது. கற்திட்டைக்குள் தங்கம் இருக்கும் என்று நம்பிக் கடப்பாரை தூக்குபவர்கள் நம் பக்கம் குறைவில்லை. நான் மேலே சொன்ன தோட்டத்தின் பெயரைச் சொல்லாததற்கும் காரணம் அதுதான்.

அரசு அசையும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கல்வெட்டை மைப்படி எடுக்கப் பயிற்சி வேண்டும். ஆனால் ஒரு கல்லின் முப்பரிமாண உருவத்தைக் கணினியில் எழுப்ப, கையில் இருக்கும் போன் போதும். கல்லைச் சுற்றி நடந்து, ஒரு படத்தில் தெரிந்த பகுதி அடுத்த படத்திலும் பாதிக்கு மேல் தெரியும்படி, நாற்பது ஐம்பது படம் எடுங்கள். பக்கத்தில் அளவுக்கு ஒரு வெட்டுக்கத்தியை வையுங்கள். தேதியைக் குறித்துக்கொண்டு, மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ தெரியப்படுத்துங்கள். கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் ஜேசிபி ஓட்டும் தம்பிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: நான்கு பலகைக் கல்லும் ஒரு மூடுகல்லும் கண்ணில் பட்டால், வண்டியை நிறுத்திவிட்டு முதலில் படம் எடுங்கள். என்னிடம் 1994-இல் சங்கிலி இருந்தது, பென்சில் இருந்தது, வழிகாட்ட ஆள் இருந்தார். ஒரு சின்னச் சதுரம் போட்டிருந்தால் போதும். அந்தப் புல எண்ணின் படத்தில் அந்த இடம் இன்றைக்கும் வெறுமையாக இருக்கிறது.